முதல் கேள்வி



சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் சித்தேரி மலைக்குப் போயிருந்தேன். தர்மபுரி மாவட்டத்தில் அரூருக்கு அருகே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகளுக்குள் சிறுசிறு ஊர்களாகச் சிதறிக் கிடக்கிறது சித்தேரி. போன வேலையை முடித்துத் திரும்புவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட முதல் வீட்டுத் திண்ணையில் ஏறி ஒதுங்கினேன்.

உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். "நனஞ்சிட்டியா கண்ணு?" என்றார். தலை துவட்ட ஒரு பழைய சேலைத் துண்டைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்டியா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சூடான கேழ்வரகுக் களி உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவில் கட்டை விரலால் குழி செய்து, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி நீட்டினார். விறகுப் புகை வாசம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. திண்ணையில் கோணியை விரித்துப் படுக்கச் சொன்னார். மறுநாள் காலை, நான் கிளம்பும்போதுதான் கேட்டார்: "ஆமா, நீ எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?"

அந்தக் கேள்விகளின் வரிசையைக் கவனியுங்கள். நனைந்திருக்கிறாயா, பசிக்கிறதா என்பது முதலில். நீ யார் என்பது கடைசியில். இன்றைக்கு உலகம் முழுவதும் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுகின்றன. வாசலில் வந்து நிற்பவனிடம் முதலில் மதத்தைக் கேள், முஸ்லிம் என்றால் கதவைச் சாத்து என்கிறார்கள். இது ஏன் தவறு என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

2015 டிசம்பர் 7ஆம் தேதி, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நின்ற டொனால்ட் டிரம்ப், முஸ்லிம்கள் எவரும் அமெரிக்காவுக்குள் நுழையாதபடி முழுமையாகத் தடுக்க வேண்டும் என்று அறிவித்தார். பதவிக்கு வந்ததும், 2017 ஜனவரி 27 அன்று ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டவர்க்கும் 90 நாட்களுக்குத் தடை. சிரிய அகதிகளுக்குக் காலவரையே இல்லாத தடை. ஏழிலும் முஸ்லிம்கள்தாம் பெரும்பான்மை. விசா வாங்கி விமானம் ஏறியவர்கள், இறங்கிய இடத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. திருத்தப்பட்ட மூன்றாவது வடிவம், 2018 ஜூன் 26 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தப்பியது. 2021 ஜனவரி 20 அன்று அடுத்த அதிபர் ஜோ பைடன் பதவியேற்ற நாளிலேயே அதை நீக்கினார். ஆனால் அந்த எண்ணம் நீங்கவில்லை. நாட்டுக்கு நாடு, தேர்தலுக்குத் தேர்தல், அது திரும்பத் திரும்ப வருகிறது.

"எங்கோ அமெரிக்காவில் நடப்பதற்கும் சித்தேரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பிறந்தவன் என்பதற்காகவே ஒருவனைக் குற்றவாளியாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இந்த மலை அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். யார் வெட்டினார்கள், யார் கடத்தினார்கள் என்று தனித்தனியாக விசாரித்தார்களா? இல்லை. ஊரையே குற்றவாளியாக்கினார்கள். வீடுகளை இடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குழந்தைகளோடு பெண்களைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நீதி வருவதற்கு 19 ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அதே கதை 2015இல் வேறு வடிவத்தில் வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. சித்தேரி மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களை வழியிலேயே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். குற்றம் செய்தவன் இருந்திருந்தாலும் அவனுக்கு நீதிமன்றம் இருக்கிறது. தமிழ் பேசுகிறான், மலைக்காரன், கூலிக்காரன் என்பதெல்லாம் எப்படிக் குற்றமாகும்?

இப்போது ஒரு சிரியாக்காரரையோ சோமாலியாக்காரரையோ நினைத்துப் பாருங்கள். எங்கோ ஒருவன் குண்டு வைத்தான். அவன் பெயரும் இவர் பெயரும் ஒரே மதத்துப் பெயர்கள். அந்த ஒரே காரணத்துக்காக இவர் குழந்தையின் கையைப் பிடித்தபடி விமான நிலையத்தில் நிற்கிறார். வாச்சாத்தியில் நடந்தது தவறு என்றால் இதுவும் தவறுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியா முஸ்லிம்களுக்குத் தடை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஒரு பட்டியலைப் போட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள். இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் என்று ஆறு சமயத்தார். 2014 டிசம்பர் 31க்குள் அங்கிருந்து வந்த இவர்கள் குடியுரிமை கேட்கலாம். 11 ஆண்டு காத்திருக்க வேண்டியவர்களுக்கு 5 ஆண்டு போதும். முஸ்லிமுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2024 மார்ச் 11 அன்று விதிகளும் வந்துவிட்டன.

பட்டியல் என்றால் என்ன என்று சித்தேரியில் போய்க் கேளுங்கள். அங்கே வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். தர்மபுரியிலும் சேலத்திலும் இருக்கும் மலையாளிக்குப் பழங்குடியினர் பட்டியலில் இடம் உண்டு. அதே மொழி பேசி, அதே குலதெய்வ வழிபாடு செய்து, ஈரோடு மாவட்டத்து மலைகளில் வாழும் மலையாளிக்கு இடம் இல்லை. ஒரு மாவட்டக் கோடு, உறவுக்காரரை வேறு ஆளாக்கிவிட்டது. சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகப் படி ஏறி ஏறி இறங்கியவருக்குத்தான் தெரியும், காகிதத்தில் பெயர் விட்டுப்போவதன் வலி.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அந்த மூன்று நாடுகளிலும் இஸ்லாம்தான் அரசு மதம் அல்லது பெரும்பான்மை மதம். அங்கே துன்பப்படுபவர்கள் சிறுபான்மையினர்தான். முஸ்லிம் ஏன் அங்கிருந்து ஓடி வரப்போகிறான்? இதுதான் அவர்கள் வாதம். சிறுபான்மையினர் அங்கே துன்பப்படுவது உண்மை. அவர்களுக்கு நாம் இடம் கொடுப்பதும் சரி. ஆனால் பாகிஸ்தானில் அகமதியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்பவர்கள். 1974இல் அவர்களை முஸ்லிம் இல்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1984இல் வந்த ஆணைக்குப் பிறகு, தங்கள் தொழுகைக் கூடத்தைப் பள்ளிவாசல் என்று சொன்னாலே சிறை. ஆப்கானிஸ்தானில் ஷியா முஸ்லிம்களான ஹசாராக்கள் பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் குண்டுக்குப் பலியாகிறார்கள். இவர்கள் நம் வாசலுக்கு வந்தால், துரத்தியவனுடைய மதத்தையே காரணம் காட்டித் துரத்தப்பட்டவனைத் திருப்பி அனுப்புவோமா?

இன்னொன்றும் இருக்கிறது. மதத்தைச் சொல்லித் திறந்த இந்தக் கதவு, நம் சொந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்கே திறக்கவில்லை. 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். நம் தர்மபுரி மாவட்டத்திலேயே தும்பலஅள்ளி அணை அருகே, நாகாவதி அணை அருகே என்று முகாம்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. ஆனால் இலங்கை அந்த மூன்று நாடுகளில் ஒன்றில்லை. 2021 செப்டம்பர் 8 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், இந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியபோது இந்த விடுபடலும் பேசப்பட்டது. முஸ்லிமை விலக்கப் போட்ட பட்டியல், முடிவில் யாரையெல்லாம் விலக்கும் என்பதற்கு இவர்களே சாட்சி.

தமிழர்களாகிய நாம் இதில் துன்பப்பட்டவர்கள் மட்டும்தானா? அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்த முஸ்லிம்களை, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஒதுங்கினார்கள். மொழி ஒன்றாக இருந்தும், தெருவும் பள்ளிக்கூடமும் ஒன்றாக இருந்தும், மதத்தைக் கேட்டுத்தான் வாசலைக் காட்டினார்கள். அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்று நாம் நம்பிவிடக் கூடாது.

"பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" என்று உங்களில் ஒருவர் கேட்பார். முக்கியம்தான். வருபவரின் கடவுச்சீட்டைப் பாருங்கள். கைரேகை எடுங்கள். அவர் என்ன செய்தார் என்று ஆராயுங்கள். குற்றம் செய்தவரைச் சட்டப்படி தண்டியுங்கள். ஒரு நாட்டுக்கு எத்தனை பேரை ஏற்க முடியும் என்று கணக்குப் போடவும் உரிமை உண்டு. இவையெல்லாம் தனி மனிதரைப் பற்றிய, எண்ணிக்கையைப் பற்றிய கேள்விகள். மதத்தைக் கேட்பது சோதனை செய்கிற வேலையைத் தட்டிக்கழிப்பது. வாச்சாத்தியில் உண்மையான கடத்தல்காரனைத் தேடியிருந்தால் உழைப்பு வேண்டியிருந்திருக்கும். ஊரை வளைப்பது சுலபம். சுலபமான வழி யாரையும் பாதுகாக்கவில்லை.

நம் அரசியல் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14ஆவது பிரிவும், உயிருக்குப் பாதுகாப்பு தரும் 21ஆவது பிரிவும் குடிமகன் என்று சொல்லவில்லை. எந்த மனிதருக்கும் என்கின்றன. 1996இல் அருணாசலப் பிரதேசத்து சக்மா அகதிகள் வழக்கில், குடிமகன் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஒவ்வொருவரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

அந்த மனிதர்களில் சிலர் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக்காகக் கட்டிய ஒரு கட்டடத்தில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா முஸ்லிம் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்றுப் பிழைக்கிறார்கள். பிள்ளைகள் நம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறார்கள். 1982இல் மியான்மர் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. அதிலும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் இவர்கள் இனத்தின் பெயர் இல்லை. அங்கே தொடங்கியது, 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடியதில் வந்து நின்றது.

முடிக்கும் முன், சித்தேரி மக்களின் பழங்கதை ஒன்று. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று மலையாளி மக்கள் சொல்வார்கள். மூவரில் ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் கொல்லி மலைக்கும், ஒருவர் பச்சமலைக்கும் போனார்களாம். எட்கர் தர்ஸ்டன் என்ற ஆய்வாளர் 1909இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதை இருக்கிறது. அந்த வடிவத்தில், முஸ்லிம் ஆட்சி வலுப்பெற்ற காலத்தில் அவர்கள் காஞ்சியை விட்டுக் கிளம்பினார்கள் என்று வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தாயா, அவர்களுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?" என்று யாராவது கேட்கலாம். எனக்கு அந்தக் கதை வேறொன்றைச் சொல்கிறது. ஆட்சிக்குப் பயந்து மலையேறி வந்தவர்களுக்கு இந்த மலைகள் இடம் கொடுத்தன. இன்று தாலிபானுக்குப் பயந்து மலையேறுகிற ஹசாராவும், ராணுவத்துக்குப் பயந்து ஆற்றைக் கடக்கிற ரோஹிங்கியாவும் அந்த அண்ணன் தம்பிகளின் நிலையில்தான் இருக்கிறார்கள். துரத்துகிறவனின் பக்கத்தில் அவர்களை நிறுத்தாதீர்கள்.

அந்தப் பாட்டி என்னிடம் ஊரைக் கேட்காமல் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்டார். ஆனால் என் தலை காய்ந்த பிறகு, வயிறு நிறைந்த பிறகு கேட்டார். நம் சட்டங்களும் அப்படிக் கேட்கட்டும்.