முல்லைமணி எழுதி வைத்த வன்னி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த மண்ணின் வரலாற்றை எழுதியவர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி விழாக் குழு கேட்டபோது, நாம் அதிகம் யோசிக்கவில்லை. முள்ளியவளையில் அந்தக் கேள்விக்கு முதலில் வரும் பெயர் முல்லைமணி. வே. சுப்பிரமணியம் என்ற இயற்பெயரைச் சொன்னால் ஒரு கணம் தயங்குவோரும், முல்லைமணி என்றதும் "ஓ, எங்கட முல்லைமணி ஐயாவோ" என்பார்கள்.

நாம் படித்த காலத்துச் சரித்திரப் புத்தகத்தில் அநுராதபுரம் இருந்தது, பொலன்னறுவை இருந்தது, கோட்டையும் கண்டியும் இருந்தன. நல்லூர் இராச்சியமும் ஓரளவு இருந்தது. வன்னி இவற்றுக்கிடையே ஓடிப்போகும் ஒரு பந்தி. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் எங்கள் காட்டு விநாயகர் ஆலயத்தில் கடல்நீரில் விளக்கெரிவதும், விடிய விடிய ஆடப்பட்ட கோவலன் கூத்தும் அம்மம்மா சொல்லித் தெரிந்தவை. அவற்றைச் சோதனையில் யாரும் கேட்டதில்லை.

எழுதப்படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெரிய கையேடு ஒன்றை வெளியிட்டார். குளங்கள், காய்ச்சல், வரி, பழங்கதை எல்லாம் அதில் உண்டு. 1960 இல் சி. எஸ். நவரத்தினம் வன்னியையும் வன்னியரையும் பற்றி நூல் எழுதினார். இரண்டும் ஆங்கிலம். தண்ணீரூற்றிலோ குமுளமுனையிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் அவற்றை விரித்து வாசித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' 1964 இல் தமிழில் நூலாக வந்தது. அது நாடகம். அதனால்தான் வாசிக்கத் தெரியாத வீட்டுக்குள்ளும் அதனால் நுழைய முடிந்தது. பெண்கள் பாடசாலை மேடைக்கு இராசாவும் தளபதியும் எங்கேயிருந்து வருவது? அடுப்புக்கரியால் மீசை வரைந்த நம் தோழிகளே வாளெடுத்தார்கள். மீசை வியர்வையில் வழிந்ததை இன்றும் சிலர் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பதுண்டு. அவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டோம்.

ஒன்றை இந்த இடத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும். 1803 ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாக ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல் சொன்னது. தோற்கடித்ததாகத்தான் கல் சொன்னது, கொன்றதாகச் சொல்லவில்லை. ஆனால் ஊர் மனதில் அந்த நாளே அவன் வீழ்ந்த நாளாகிவிட்டது. காக்கை வன்னியனின் துரோகமும் அதோடு ஒட்டிக்கொண்டது. மேடைக்கு ஒரு முடிவு வேண்டும், அதை எழுதும் உரிமை நாடகாசிரியருக்கு உண்டு. மேடையில் பார்த்ததையே சரித்திரமாக எடுத்துக்கொண்டது பார்த்தவர்களாகிய நாம். முல்லைமணியோ நாடகத்தோடு நிற்கவில்லை. 'அரசிகள் அழுவதில்லை' என்ற சிறுகதைத் தொகுதி, 'மல்லிகைவனம்', 'கமுகஞ்சோலை' ஆகிய நாவல்கள் என்று எழுதியவர், பிறகு 'வன்னியியற் சிந்தனை' என்று கட்டுரை நூலும் தந்தார். ஆசிரியராக இருந்த ஒருவர் இவ்வளவையும் எழுதினார். மாணவிகள் முதலில் நாடகத்தையும் பிறகு கட்டுரையையும் படிக்க வேண்டும் என்பது எமது எண்ணம். நாடகம் மட்டும் போதாது.

பெண்கள் கூடியிருக்கும் சபையில் அரியாத்தையை விட்டுவிட முடியாது. ஆண்கள் பின்வாங்கிய இடத்தில் கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டியவள் என்று குமுளமுனை சொல்லும் பெண். இலங்கை வானொலியிலும் ரூபவாஹினியிலும் பணியாற்றிய எங்கள் பகுதியின் அருணா செல்லத்துரை, அவள் கதையான 'வேழம்படுத்த வீராங்கனை' கூத்தை நூலாக்கினார். ஒலிபரப்புத் துறையில் இருந்த ஒருவர் ஊர்க் கூத்தைத் தேடி எடுத்து அச்சுக்குக் கொண்டுபோனது சின்ன வேலையல்ல. அண்ணாவியார் ஒருவர் கண்மூடினால் ஒரு கூத்தே போய்விடும் நிலை அது.

போனவை எவை என்று உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் 2009 இல் மெனிக் பாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கையில் இருந்தது அடையாள அட்டையும் பிள்ளையும்தான். எமது சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளும் விளையாட்டுப் போட்டிப் படங்களும் பழைய மலர்களும் எந்த வீட்டோடு எரிந்தன என்று சொல்ல ஆளில்லை. கற்சிலைமடுக் கல்லும் போருக்குப் பின் உடைக்கப்பட்டது. முல்லைமணியின் நூல்களை இன்றும் தேடி வாசிக்க முடிகிறதென்றால், அச்சான பிரதிகள் ஊருக்கு வெளியேயும் யார் யாரிடமோ இருந்ததால்தான். ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்கும் நூலகம் நிறுவனமும் அப்படிப்பட்ட பிரதிகளைத் தேடித்தான் வேலை செய்கிறது.

இந்த மலருக்காக முதல் ஆசிரியைகளின் பெயர்ப் பட்டியலை எழுதியபோது எம்மிடம் கடதாசி ஒன்றும் இருக்கவில்லை. மூத்த சகோதரிகள் நாலைந்து பேர் தொலைபேசியில் ஞாபகத்திலிருந்து சொன்னார்கள். இரண்டு பெயர்களில் இன்னமும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதையும் அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.

'பண்டாரவன்னியன்' ஆடிய எவரிடமாவது ஒரு படமோ, வசனம் எழுதிய கொப்பியோ, நிகழ்ச்சி நிரலோ இருந்தால், மண்டப வாசலில் இருக்கும் சகோதரியிடம் பெயரையும் படித்த ஆண்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள். படத்தைத் தர வேண்டாம், பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம்.