மதுநோயும் வேலைக்களமும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மதுவின் தீமையைப் பற்றி இம்மேடையில் நீங்கள் கேளாததொன்றில்லை. ஆகவே, குடியாதே என்று உபதேசிக்க நாம் எழுந்தோமில்லை. குடியில் விழுந்த ஒருவருக்கு அவர் ஊதியம் பெறும் இடமே கைகொடுக்கக்கூடுமா, அக்கை எல்லார்க்கும் ஒப்ப நீட்டப்படுகின்றதா என்பதையே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அநுபவத்தைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

1935-ஆம் ஆண்டில் ஓஹையோ மாகாணத்து அக்ரன் நகரில், குடியால் நலிந்த இருவர் ஒருவரையொருவர் தாங்கி எழுந்தனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம் அதினின்று பிறந்தது. 1940-களில் டுபாண்ட், ஈஸ்ட்மன் கோடக் முதலிய கம்பெனிகள், கைதேர்ந்த தொழிலாளியை விலக்குவதினும் குணப்படுத்தி வைத்துக்கொள்வதே இலாபமெனக் கண்டன. தருமம் என்றோமில்லை, இலாபம் என்றே சொன்னோம். 1956-இல் அந்நாட்டு வைத்தியச் சங்கம் இதனை நோயென ஒப்புக்கொண்டது. 1970-இல், தாமே குடியினின்று மீண்டவரான செனட்டர் ஹெரால்டு ஹியூஸ் முயன்று ஒரு சட்டம் நிறைவேறச் செய்தார். அதன்பின் ஊழியர் உதவித் திட்டங்கள் எங்கணும் பரவின.

திட்டத்தின் இயல்பு இது. மேலதிகாரி நோயை ஆராய வேண்டுவதில்லை. திங்கட்கிழமைதோறும் வாராமை, தாமதம், வேலையிற் பிழை ஆகியவற்றை மாத்திரம் குறித்துவைத்து, ஊழியரைத் தனியே அழைத்து, "வேலை கெடுகின்றது, ஆலோசகரைக் காண்க, இவ்வாறே நீடிப்பின் வேலை போம்" என்பார். ஆலோசகரிடம் சொன்னது மேலதிகாரியின் செவிக்கு எட்டாது. உத்தியோகம் போய்விடுமோ என்னும் அச்சமே சிகிச்சைக்கு வழிகாட்டுகின்றது.

நல்ல ஏற்பாடுதான். ஆயின், இது யாரை மனத்திற்கொண்டு அமைந்தது? நல்ல சம்பளமும் தொழிற்சங்கத்தின் துணையும் உடைய ஆண்மகனையே. ஸ்திரீகளிடத்து இது தடுமாறுகின்றது. உடற்கூற்றின்படி அவர்கள் தேகத்தில் நீர்ப்பகுதி குறைவாதலின், ஒரே அளவு மதுவாயினும் இரத்தத்தில் மிகுதியாக ஏறும். ஈரலும் விரைவிற் கெடும். அவர்களோ நாணத்தால் வீட்டில் மறைந்து குடிப்பர். மேலதிகாரி, "பாவம், குடும்பத்தில் ஏதோ கவலை" என்று கண்டும் காணாதிருப்பார். அவ்விரக்கம் ஆண்டுகளைத் தின்றுவிடும். சிறு சம்பளக்காரியாயின் இரக்கமும் இராது. அவளை விலக்கிவிட்டு வேறொருத்தியை அமர்த்துவது எளிது. சிகிச்சைக்குப் போனால் குழந்தைகளை யார் பார்ப்பர்? போனது தெரிந்தால் குழந்தைகளையே பறித்துவிடுவரோ என்னும் அச்சம் வேறு. (நம் வீடுகளிலும் இத்தகையவற்றை "நரம்புத் தளர்ச்சி" என்று பெயரிட்டு மறைப்பதில்லையா?)

சிறுபான்மையோர் நிலை இன்னும் சிக்கலானது. 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், கறுப்பின ஊழியரைக் கண்டித்தால் இனத்துவேஷி எனப் பழி வருமோவென்று வெள்ளை மேலதிகாரி வாளாவிருப்பதுண்டு. பின்பு ஒருநாள் பொறுமையிழந்து, உதவி யாதுமின்றி ஒரேயடியாய் விலக்குவார். அந்நாட்டுப் பழங்குடியினரைக் குறித்தோ, குடி அவர்கள் பிறவிக்குணம் என்ற பொய் நெடுங்காலம் நிலவிற்று. அவர்களுக்கு மது விற்றலாகாதென்ற மத்திய சட்டம் 1953-இல்தான் நீங்கியது. பிறவிக்குணம் என்று எண்ணுகிறவன் மருந்து தேடுவானா? இவ்விரண்டனுள், வாய்மூடியிருக்கும் பொய்த் தயவே கொடிதென்பது நம் கருத்து. வசை கேட்டவன் எதிர்த்துப் பேசலாம். மௌனத்தை எதிர்த்து யாது பேசுவது?

மாற்று வழிகளும் தோன்றின. 1944-இல், தாமும் மீண்டவரான மார்ட்டி மான் என்னும் மாது, மதுநோயைப் பற்றி ஜனங்களுக்கு அறிவூட்ட ஒரு குழுவை நிறுவினார். 1975-இல் ஜீன் கிர்க்பாட்ரிக் பெண்களுக்கென்றே தனிச்சங்கம் கண்டார். பல கம்பெனிகளில் மேலதிகாரியின் தயவின்றி ஊழியர் தாமே ஆலோசகரை அழைக்கலாம். சில இடங்களில் பெண் ஆலோசகரும் ஸ்பானிஷ் மொழியறிந்தோரும் உளர். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் மதுநோயருக்குப் பாதுகாப்பளிக்கின்றது. ஆயினும் வேலைநேரத்தில் குடிப்பதை அது பொறுப்பதில்லை. அது நியாயமே.

1978-இல் முன்னாள் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டு தம் நோயை உலகறியச் சொல்லி, 1982-இல் சிகிச்சை நிலையமொன்றும் கண்டார். பல பெண்களின் நாணம் அதனால் தளர்ந்தது. ஆனால் அவ்வம்மையாரை எதிரேயிருத்திப் பேசியது குடும்பத்தார், மேலதிகாரியன்று. பேசுவதற்குக் குடும்பமற்றவளின் கதி?

இன்றும் பல பெரிய கட்டிடங்களில் இக்காட்சியைக் காணலாம். பகலில் நாற்காலியில் அமர்வோருக்கு உதவித் திட்டமுண்டு. அழைக்கவேண்டிய தொலைபேசி எண் சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கும். இரவில் அச்சுவரைத் துடைக்க வருபவள் ஒப்பந்தக்காரரின் ஆள். அவள் பெயர் அத்திட்டத்தில் இல்லை.