கார்சிகானா: எண்ணெய் நகரமும் 51 ரன் ஆட்டமும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரிலிருந்து ஹூஸ்டனை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கார்சிகானா. சுற்றிலும் கரிசல் நிலம். ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பருத்தி விளைந்த பூமி. நவாரோ கவுண்டியின் தலைநகரான இவ்வூரில் இன்று சுமார் 25,000 பேர் வாழ்கிறார்கள். 1902-இல் இங்கே பத்தாயிரம் பேர்கூட இல்லை. அந்த ஆண்டில் இச்சிற்றூரின் பேஸ்பால் அணி படைத்த சாதனைகளில் ஒன்று 85 ஆண்டுகள் நிலைத்தது. இன்னொன்று இன்றுவரை நிற்கிறது.

ஊர் தோன்றியது 1848-இல். டெக்சஸின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஹோசே அந்தோனியோ நவாரோவின் பெயர் கவுண்டிக்கு வைக்கப்பட்டது. அவருடைய தந்தை பிறந்தது மத்தியதரைக் கடலிலுள்ள கார்சிகா தீவில். அதன் நினைவாக ஊருக்குக் கார்சிகானா என்று பெயரிட்டார்கள். 1871-இல் ரயில் வந்தது. பருத்தி மூட்டைகள் ரயிலேறின, வணிகர்கள் வந்து இறங்கினார்கள், கடைத்தெரு வளர்ந்தது.

வளர்ந்த ஊருக்குத் தண்ணீர் போதவில்லை. 1894-இல் நகர நிர்வாகம் ஆழ்துளைக் கிணறு தோண்ட ஏற்பாடு செய்தது. ஆயிரம் அடியைத் தாண்டியபோது குழாயில் கசிந்து வந்தது தண்ணீர் அல்ல, எண்ணெய். தோண்டியவர்களுக்கு அது இடைஞ்சலாகத்தான் தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரைத் தேடி மேலும் ஆழமாகப் போனார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் சிலர் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் வீட்டுக் கொல்லைகளிலும் தோட்டங்களிலும் மரக் கோபுரங்கள் எழும்பின. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே வணிக அளவில் எண்ணெய் எடுத்த முதல் பெரிய வயல்களில் ஒன்றாகக் கார்சிகானா ஆனது.

பென்சில்வேனியாவில் எண்ணெய்த் தொழில் பழகிய ஜோசப் கல்லினன் என்பவரை ஊர் மேயர் அழைத்துவந்தார். அவர் அமைத்த சுத்திகரிப்பு ஆலை 1898-இல் இயங்கத் தொடங்கியது. டெக்சஸில் வணிக முறையில் வெற்றி கண்ட முதல் ஆலை அதுதான். அதே கல்லினன் 1902-இல் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் டெக்ஸாகோ என்று உலகமெங்கும் அறியப்பட்டது. 1901 ஜனவரியில் போமாண்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டு அடித்து உலகின் எரிபொருள் வரலாறே மாறியது. அந்தக் கிணற்றைத் தோண்டிய ஹாமில் சகோதரர்களும் கார்சிகானாவிலிருந்து போனவர்களே.

எண்ணெய்ப் பணம் ஊரின் முகத்தை மாற்றியது. 1896-இல் தொடங்கிய காலின் ஸ்ட்ரீட் பேக்கரி, பீக்கன் பருப்பு நிறைந்த பழக் கேக்கை அஞ்சலில் உலகெங்கும் அனுப்பும் நிறுவனமாக வளர்ந்தது. இன்றும் ஊரின் அடையாளம் அதுவே. லைமன் டேவிஸ் என்பவர் வண்டியில் வைத்துக் கிண்ணம் கிண்ணமாக விற்ற காரமான இறைச்சிக் குழம்பு, பின்னர் டின்களில் அடைக்கப்பட்டு உல்ஃப் பிராண்ட் என்ற பெயரில் கடைகளுக்குப் போனது. வெங்காய வடிவக் குமிழ்களோடு இரண்டு கோபுரங்கள் கொண்ட யூதத் தொழுகைக் கூடம் ஒன்று 1900-ஐ ஒட்டி எழுந்தது.

இவ்வூர் மக்களுக்கு வேடிக்கை பார்ப்பதில் இருந்த ஆர்வத்துக்கு யூதர் இடுகாட்டில் ஒரு கல் சாட்சி. 1884-இல் ஒற்றைக்காலர் ஒருவர், மரக்காலை வைத்துக்கொண்டு, முதுகில் இரும்பு அடுப்பைச் சுமந்தபடி கடைத்தெருவின் குறுக்கே கட்டிய கயிற்றில் நடந்தார். தவறி விழுந்து இறந்தார். தாம் யூதர் என்று மட்டும் சொன்னவர் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. அதனால் அவரது கல்லறையில் பெயருக்குப் பதிலாகக் கயிற்றில் நடந்தவர் என்ற குறிப்பும் ஆண்டும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அக்கால அமெரிக்கச் சிற்றூர்களில் கூட்டம் கூடிய பெரிய வேடிக்கை பேஸ்பால். கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு அதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஒரு பக்கத்துக்கு 9 பேர். ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் ஆட்டமிழந்தால் அடுத்த அணியின் முறை. பந்தை அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனால் அது ஹோம் ரன். அடித்தவரோடு அப்போது தளங்களில் நிற்பவர்களும் ஓடி வந்து ரன் சேர்ப்பார்கள். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நான்கைந்து ரன் எடுப்பது வழக்கம். பத்தைத் தாண்டினால் பெரிய வெற்றி.

பெருநகர அணிகள் ஆடுவது மேஜர் லீக். அதற்குக் கீழே படிப்படியாக அமைந்தவை மைனர் லீக்குகள். இந்தச் சிறு லீக்குகள் 1901 செப்டம்பரில் சிகாகோவில் கூடி ஒரு தேசியச் சங்கம் அமைத்தன. ஊரின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று லீக்குகள் தரம் பிரிக்கப்பட்டன. பிற்காலத்தைப் போலப் பெரிய அணிகள் சிறிய அணிகளைத் தம் பயிற்சிப் பண்ணைகளாக வைத்திருக்கும் முறை அப்போது வரவில்லை. ஒவ்வொரு சிற்றூர் அணியும் தனக்குத் தானே பொறுப்பு. வாசலில் வசூலாகும் சீட்டுப் பணமும், நல்ல ஆட்டக்காரரைப் பெரிய அணிக்கு விற்றால் கிடைக்கும் தொகையும்தான் வருமானம். மழை பெய்தாலும் அணி தோற்றாலும் கல்லாவில் பணம் விழாது. பருவத்தின் நடுவிலேயே அணிகள் கலைவதும், ஓர் ஊரின் அணி வேறு ஊருக்குக் குடிபெயர்வதும் சகஜம்.

1888-இல் தொடங்கிய டெக்சஸ் லீக், இடையில் நின்றுபோய், 1902-இல் மீண்டும் உயிர்பெற்றது. தரத்தில் கடைசியான டி பிரிவில் அதற்கு இடம் கிடைத்தது. டாலஸ், ஃபோர்ட் வொர்த் போன்ற ஊர்களோடு கார்சிகானாவும் அதில் சேர்ந்தது. அணிக்கு ஆயில் சிட்டீஸ் என்று பெயர். ஆயிலர்ஸ் என்றும் அழைத்தார்கள். அணியை நடத்தியவர் டோக் ராபர்ட்ஸ். திறமைசாலிகளைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர். பின்னாளில் டெக்சஸ் லீக்கின் தலைவராகவே ஆனவர்.

அந்தப் பருவத்தில் கார்சிகானாவை நெருங்க ஆளில்லை. ஒரு கட்டத்தில் அணி தொடர்ந்து 27 ஆட்டங்களை வென்றது. மைனர் லீக்குகள் அனைத்திலும் அதற்கு இணையாக வேறோர் அணி வர 1921 ஆயிற்று. அவ்வாண்டு பால்டிமோர் அணியும் 27 ஆட்டங்களை வென்றது. இரு அணிகளையும் மிஞ்சியது 1987-இல் 29 ஆட்டங்களை வென்ற சால்ட் லேக் அணி. எண்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகளோடு கார்சிகானா 1902-இல் லீக்கின் வாகையைச் சூடியது.

ஆனால் அந்த அணியை நினைவில் நிறுத்தியது ஒரே ஓர் ஆட்டம். 1902 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. எதிரணி, அர்கன்சாஸ் எல்லையிலுள்ள டெக்ஸார்கானா. ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் கார்சிகானாவில் அன்று பேஸ்பால் ஆடத் தடை இருந்தது. அதேசமயம், உழைக்கும் மக்கள் ஆட்டம் பார்க்க வரக்கூடிய நாளும் ஞாயிறுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வசூலை இழக்க எந்த அணியும் விரும்பாது. வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், அதே ரயில் பாதையில் இருந்தது எனிஸ். ஆட்டத்தை அங்கே வைத்தார்கள்.

எனிஸ் மைதானம் லீக் ஆட்டத்துக்காகக் கட்டியதல்ல. அதன் வலப்பக்க வேலி மட்டையாளர் நிற்கும் இடத்திலிருந்து 210 அடி தூரமே என்று பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. இன்றைய மேஜர் லீக் மைதானங்களில் அந்தப் பக்கம் பொதுவாக 300 அடிக்கு மேல். இடது கை மட்டையாளர் இயல்பாக அடிக்கும் பந்து வலப்பக்கம்தான் போகும். கார்சிகானாவின் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர், ஜே ஜஸ்டின் கிளார்க். அவர் இடது கை மட்டையாளர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்த 19 வயது இளைஞர்.

அன்று டெக்ஸார்கானாவுக்குப் பந்து வீசியவர் டிவிட். அடி மேல் அடி விழுந்தும் அவரை மாற்றவில்லை. கடைசிவரை அவரே வீசினார். கார்சிகானா 53 முறை வெற்றிகரமாக அடித்துத் தளம் ஏறியது. கிளார்க் எட்டு முறை மட்டை பிடித்தார். எட்டு முறையும் பந்து வேலியைத் தாண்டியது. அவர் அடியால் வந்த ரன்கள் 16. ஆட்டம் முடிந்தபோது கார்சிகானா 51, டெக்ஸார்கானா 3.

முடிவு தந்தியில் போனது. கிளார்க்குக்கு எட்டு ஹோம் ரன் என்ற செய்தியைக் கண்ட தந்தி ஊழியர்கள் சிலர், யாரோ கைதவறி எழுதியிருக்கிறார்கள் என்று கருதி மூன்று எனத் திருத்திவிட்டதாகப் பேஸ்பால் உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அக்காலப் பந்து மிருதுவானது. ஆட்டம் முழுக்க ஒரே பந்து அழுக்கேறி நசுங்கிக் கிடக்கும். ஹோம் ரன் அபூர்வம். அதே 1902-இல் மேஜர் லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவர் டாமி லீச். பருவம் முழுவதும் ஆடி அவர் அடித்தது மொத்தம் ஆறு. அதைவிட இரண்டு அதிகமாகக் கிளார்க் ஒரே பிற்பகலில் அடித்திருந்தார்.

இந்தச் சாதனையை எப்படி எடைபோடுவது? வேலி அருகில் இருந்தது, பந்துவீச்சாளர் சோர்ந்தபின்னும் நின்றார், எதிரணியும் வலுவானதல்ல. டெக்ஸார்கானா அணி அடுத்த மாதமே கலைந்துபோனது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், அதே வேலி இரு அணிகளுக்கும் பொது என்பது மிஞ்சுகிறது. டெக்ஸார்கானா அதே மைதானத்தில் அன்று எடுத்தது மூன்று ரன்கள்தான். தொழில்முறை பேஸ்பாலில் ஒரே ஆட்டத்தில் எட்டு ஹோம் ரன் என்ற எண்ணை அதன்பிறகு எவரும் எட்டவில்லை.

கிளார்க் 1905-இல் மேஜர் லீக்குக்கு உயர்ந்து பல ஆண்டுகள் கிளீவ்லாந்து அணிக்கு ஆடினார். 1908 அக்டோபர் 2-இல் அந்த அணியின் ஆடி ஜாஸ், சிகாகோவுக்கு எதிராக ஒருவரைக்கூடத் தளம் ஏறவிடாமல் முழு ஆட்டமும் வீசிப் புகழ்பெற்றார். அன்று அவருக்குக் கேட்சராக மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கிளார்க். மேஜர் லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்கள் ஐந்நூறுக்கும் மேல். அத்தனையிலும் சேர்த்து அடித்த ஹோம் ரன் ஆறு மட்டுமே.

கார்சிகானா 1904-இல் மீண்டும் டெக்சஸ் லீக்கின் வாகையரானது. ஆனால் பெரிய ஊர்கள் மேலும் பெரிதாக, சிற்றூரின் சீட்டுப் பணம் அவற்றோடு போட்டிபோடப் போதவில்லை. 1905-இல் அணி லீக்கிலிருந்து வெளியேறியது. பிறகு 1920-கள் வரை சின்னச் சின்ன லீக்குகளில் ஊரின் பெயர் அவ்வப்போது தலைகாட்டியது. டோக் ராபர்ட்ஸ் 1906-இல் கிளீபர்ன் என்ற வேறொரு சிற்றூர் அணியை நடத்தினார். கார்சிகானாவுக்குத் தென்மேற்கே உள்ள ஹப்பர்டைச் சேர்ந்த ஓர் இளைஞரை அதில் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞர் டிரிஸ் ஸ்பீக்கர். பேஸ்பாலின் புகழ்க் கூடத்தில் 1937-இல் தேர்வானவர்.

இன்று கார்சிகானாவுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை பல. 1905-இல் கட்டிய நீதிமன்றம் சிவப்புக் கிரானைட்டும் சாம்பல் நிறச் செங்கல்லுமாக நடுநாயகமாக நிற்கிறது. தண்ணீர் தேடி எண்ணெய் கிடைத்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. முன்னோடிக் குடியேறிகளின் மர வீடுகளைச் சேர்த்து வைத்த சிற்றூர்க் காட்சியகம் உண்டு. பேக்கரியில் கேக் வாங்கலாம். வடக்கே அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் எனிஸ். வசந்த காலத்தில் சாலையோரமெங்கும் நீலப் பூக்கள் பூத்துக் கிடக்கும்.

51 ரன் ஆட்டத்தைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நம்ப மறுப்பவர்களும் உண்டு. அந்த அணியின் உண்மையான பலத்தை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது 27 என்ற எண்ணை. அருகிலிருக்கும் வேலி ஒரு பிற்பகலுக்கு உதவலாம். 27 ஆட்டங்களுக்கு உதவாது.