போய்ப் பார்த்தவர்கள்

(ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழாவையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். பொங்கல் கழிந்ததும் பல பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி. ஆகவே இந்த நாட்களில் நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்தில், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கூடத்தில் தெர்மாகோல் துண்டுகள் கிடக்கின்றன. வெட்டுகிறவர் அப்பா, ஒட்டுகிறவர் அம்மா, பெயர் மட்டும் பிள்ளையுடையது. கடையில் சொல்லிச் செய்து வாங்குகிறவர்களும் உண்டு. எரிமலை கக்குகிறது, காற்றாலை சுற்றுகிறது, பரிசும் கிடைக்கிறது. பிள்ளை என்ன பார்த்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். தந்தை சுரங்கத்தில் நீர் இறைக்கும் பிரிவில் வேலை செய்கிறவர். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. மார்கழி விடுமுறையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பமாக ஒருநாள் வெளியே போவது அவர்கள் வழக்கம். ஒரு வருடம் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போனார்கள். இன்னொரு வருடம் கடலூர் வெள்ளிக் கடற்கரை. இந்த வருடம் மகள், "அப்பா, நாம ஆயா ஊருக்குப் போகலாம். கிணறுகளை அளக்கணும். அதுதான் என் ப்ராஜெக்ட்" என்றாள்.

ஆயா என்றால் தந்தையைப் பெற்றவர். அவர் பிறந்த ஊர் இன்று இல்லை. சுரங்கம் விரிந்தபோது அதற்குள் போய்விட்டது. வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் இருக்கிறார். "முன்னெல்லாம் குனிஞ்சு மொண்டுக்கலாம், இப்போ கயிறு பத்தல" என்று பேத்தியிடம் அடிக்கடி சொல்வாராம். அதிலிருந்துதான் அந்தக் கேள்வி பிறந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள் கேட்டே விட்டாள்: "அப்பா, நீங்க இறைக்கிற தண்ணியாலதான் ஆயா கிணத்துல தண்ணி குறையுதா?"

தந்தைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் பெற்ற தாய். மறு பக்கம் சோறு போடுகிற வேலை. "போய்ப் பார்ப்போம், பாப்பா" என்றார்.

போகும் வழியில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரிக் கரையில் வண்டியை நிறுத்தினார். குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளை மகன் எண்ணத் தொடங்கினான். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது; பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும், சிறுவர்களும் சேரலாம். அதற்கு இது ஒத்திகை. நாற்பத்தேழு வரை எண்ணியபோது கூட்டமாக எழும்பிவிட்டன. நோட்டில் அவன் இப்படி எழுதினான்: "47. மீதி பறந்துவிட்டது." அந்த வரியை எனக்குக் காட்டினார்கள். நான் அதைப் பெரிதும் விரும்புகிறேன். 'சுமார் நூறு' என்று அவன் எழுதவில்லை.

ஏரிக்கரையில் தந்தை பிள்ளைகளுக்குச் சொன்னார்: "இந்த ஏரிக்கு வர்ற தண்ணியில நாங்க இறைக்கிறதும் இருக்கு. பரவனாத்துலயும் வாய்க்கால்லயும் இறங்கி, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரின்னு வந்து வயலுக்குப் பாயுது." பிறகு மணலில் குச்சியால் படம் வரைந்தார். மேலே மண். அதற்குக் கீழே பழுப்பு நிலக்கரிப் படுகை. அதற்கும் அடியில் மணல் அடுக்கு; அதில் நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு. மேல் மண்ணை அகற்றிவிட்டு அந்த நீரை இறைக்காமல் விட்டால், அது படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடும். ஆகவே இரவும் பகலும் இறைக்க வேண்டும். "இந்த ஊரே ஒரு கிணத்துலதான் பிறந்துச்சு" என்றும் சொன்னார். உண்மைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. 'என்னவோ அழுக்கு' என்று அவர் தள்ளிவிடவில்லை. இது என்ன என்று கேட்டார். 1956-இல் நிறுவனம், 1957-இல் சுரங்கத் தொடக்கம், 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின் வந்தவை.

ஆயாவின் ஊரில் ஆறு கிணறுகளை அளந்தார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீரைத் தொட்டதும் கட்டைச் சுவர் மட்டத்தில் கயிற்றில் அடையாளம் வைத்து, மேலே எடுத்து டேப்பால் அளந்தார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று முறை. ஊர்ப் பெரியவர்களிடம் பழைய கதையைக் கேட்டுத் தனிப் பக்கத்தில் எழுதினார்கள்.

ஆனால் பாருங்கள், வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஆயாவின் கிணற்றில்கூட நீர் ஓரளவு மேலேதான் இருந்தது. மகளுக்கு ஏமாற்றம். இங்கேதான், அன்பர்களே, சோதனை இரண்டு வாசலிலும் வந்து நின்றது.

"கொஞ்சம் ஆழமா இருந்ததா எழுது, அப்போதான் எடுப்பா இருக்கும்" என்றார் ஒரு உறவினர். "இந்தத் தலைப்பே வேண்டாம், அப்பா வேலை செய்யற இடம். பேசாம ஒரு எரிமலை செஞ்சுடு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒருவர் உண்மையைப் பெரிதாக்கச் சொன்னார். மற்றவர் உண்மையை மூடச் சொன்னார். இருவரும் அந்தக் குடும்பத்தின்மீது அன்புள்ளவர்கள்தாம்.

தந்தை இரண்டுக்கும் இணங்கவில்லை. "பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதாதே" என்றார். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் சொல்லவில்லையா? அந்தப் பெண் தன் அட்டையில் கடைசியாக எழுதியிருப்பதன் சாரம் இதுதான்: மார்கழியில் மட்டும் அளந்தது போதாது, சித்திரையிலும் அளக்க வேண்டும். கிணற்றில் ஊறுவது மேல் ஊற்று; சுரங்கத்தில் இறைப்பது அடி ஊற்று. இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஒரு கயிற்றையும் கல்லையும் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் ஒரே குரலில் சொல்வதை ஒதுக்கிவிடவும் முடியாது.

1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு பிள்ளைகளிடம் கேட்பதும் இதைத்தான்: உன் ஊரின் சிக்கலை எடுத்துக்கொள், நீயே போய்ப் பார், அளந்து பார், கண்டதைச் சொல்.

அன்பார்ந்தவர்களே, இன்றைய நற்செய்தியில் இரண்டு வகை அறிவாளிகள் வருகிறார்கள். மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டதும், தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் தடுமாறாமல் பெத்லகேம் என்று விடை சொன்னார்கள். விடை சரி; முழு மதிப்பெண். ஆனால் எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர்; நெய்வேலியிலிருந்து வடலூர் போகிற அளவுதான். அந்தத் தூரத்தை அவர்களில் ஒருவர்கூட நடந்து கடந்ததாக மத்தேயு எழுதவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகளோ மறைநூல் அறியாதவர்கள். வானத்தைப் பார்த்தார்கள், புதிதாக ஒன்றைக் கண்டார்கள், புறப்பட்டார்கள். வழி தெரியாத இடத்தில் கௌரவம் பார்க்காமல் கேட்டார்கள். கண்டபோது மண்டியிட்டார்கள். பிறகு, ஏரோதின் அரண்மனை வழியாகத் திரும்பாமல் வேறு வழியாகப் போனார்கள். உண்மையைக் கண்டவருக்கு, அதிகாரத்துக்கு இனிக்கும்படி பேசுகிற பழைய வழி அடைபட்டுவிடுகிறது.

பெற்றோரே, பிள்ளையின் ப்ராஜெக்டை நீங்கள் செய்துகொடுத்தால், பெத்லகேமுக்குப் போகாமலே விடை எழுத அதற்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். அதைவிட ஒரு விடுமுறை நாளைக் கொடுங்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளை கேட்கும் கேள்வி உங்கள் வேலையைத் தொட்டாலும், உங்கள் மனத்தைச் சுட்டாலும், வாயை அடைக்காதீர்கள். நம் வீட்டு விளக்கு எரியத் தங்கள் நிலத்தையும் கிணற்றையும் கொடுத்த ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களின் நிலையைப் பொய் கலக்காமல் கேட்டறிவதும், உள்ளது உள்ளபடி சொல்வதும் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்தச் சிறுமியிடம், "பரிசு கிடைக்குமா?" என்று கேட்டேன். "தெரியல ஃபாதர். ஆனா சித்திரையில மறுபடி போறோம். அந்தக் கயிற ஆயா வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

பின்னால் நின்ற தந்தை சிரித்துக்கொண்டே, "லீவு சொல்லிட்டேன் ஃபாதர்" என்றார்.

விண்மீனைக் காட்டி ஞானிகளை நடத்திய இறைவன், நம் பிள்ளைகளின் கண்களையும் நம் கால்களையும் நடத்துவாராக. ஆமென்.