வயிற்றில் திறந்து, பிறந்ததும் மூடும் குழாய்
(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பே நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. இன்று செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியாகவே பிராணவாயு வந்துவிடுகிறது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை. அதனால் அங்கே போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் வழியாகத் திரும்பிவிடுகிறது. அந்தக் குழாயின் சுவர் தசையால் ஆனது. அதைச் சுருங்கவிடாமல் தளர்த்தி வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். நஞ்சுக்கொடியில் அது நிறையச் சுரக்கிறது. பிறந்ததும் நஞ்சுக்கொடி போய்விடும், ரத்தத்தில் பிராணவாயு கூடும். நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குழாய் மூடிக்கொள்ளும்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்து, ரத்தம் போக அந்தக் குழாய் ஒன்றே வழியாக இருக்கும். முதல் நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, குழாய் மூடத் தொடங்கியதும் நீலம் பாய்ந்து சோர்ந்துவிடும். 1970களில் மருத்துவர்கள் அதே புரோஸ்டாகிளாண்டினை மருந்தாகச் செலுத்தி, அறுவைச் சிகிச்சை வரை குழாயைத் திறந்து வைக்கக் கற்றார்கள்.

இதன் மறுபக்கம்தான் நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971ல் ஜான் வேன் காட்டினார். 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குறைமாதக் குழந்தைகளுக்கு மூடாத குழாயை மூட இந்தோமெதசின், இபுப்ரோஃபென் கொடுப்பது இதை வைத்துத்தான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கோ அது திறந்தே இருக்க வேண்டும்!

ஆகவே, பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் இடுப்பு வலி என்றால், நம் மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கும்படி 2020ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். குழாய் முன்கூட்டியே சுருங்கும் அபாயம் கடைசி மூன்று மாதத்தில் அதிகம். ஆனால் மருத்துவரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருந்தால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பேரன் பேத்தியை வீட்டுக்கு அழைத்து வருமுன் "கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்தீர்களா?" என்று மருத்துவமனையில் கேளுங்கள். வலியில்லாத சோதனை, சில நிமிடம் போதும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப்பை வைத்து நீங்களே பார்க்க வேண்டாம். அது பெரியவர்கள் விரலுக்குச் செய்தது.