'ஆள் கிடைக்கல' என்று அழுகிறவர்கள் யார்?

(நெய்வேலியில் மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞர்னு சொல்லி என்னை மேடை ஏத்தியிருக்கீங்க. ஆனா நான் வங்கியில கணக்கு எழுதுறவன். இன்னிக்கும் ஒரு கணக்குத்தான் பேசப்போறேன். நாடு நொடிச்சுப் போற காலத்துல அரசாங்கம் வேலை கொடுக்குதே, அது யாருக்கு என்ன செய்யுது என்கிற கணக்கு.

நாம் நிற்கிற மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். 1956-ல் இங்கே நிலக்கரி நிறுவனம் வந்தது. கீழே இருந்த கரியை எடுக்க, மேலே இருந்த வயலையும் தோப்பையும் எடுத்தார்கள். பட்டா வைத்திருந்தவன் நஷ்டஈடு கேட்கலாம், போதவில்லை என்று வழக்குப் போடலாம். அந்த வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவள் எதைக் காட்டிக் கேட்பாள்? அவள் இழந்தது வேலை. வேலைக்குப் பட்டா கிடையாதே.

அப்படி ஒரு பட்டா மாதிரி முதலில் வந்தது 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம். 2006 பிப்ரவரியில் இந்தியாவில் 200 மாவட்டங்களில் தொடங்கினார்கள். நம்ம கடலூர் மாவட்டமும் அதில் ஒன்று. கேட்ட 15 நாளுக்குள் வேலை தரணும், தராவிட்டால் படி தரணும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. காண்ட்ராக்டர் கூடாது. ஆரம்பத்தில் இங்கே கூலி 80 ரூபாய்.

அதுவரைக்கும் எங்க அம்மா ஒருநாளும் கூலி எவ்வளவு என்று கேட்டு வேலைக்குப் போனது கிடையாது. களை எடுத்துவிட்டு ஆண்டை வீட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நிற்கும். உள்ளேயிருந்து குரல் வரும்: 'நாளைக்கு வா.' நாளைக்கும் போய் நிற்கும். ஏரி வேலை வந்த இரண்டாம் வருஷம், களை எடுக்க ஆள் கூப்பிட அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டது: 'கூலி என்னா தருவீங்க?'

அவர் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மூணாம் நாள் அவரே வந்து, இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார்.

அந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியம் எங்கிருந்து வந்தது? போக இன்னொரு இடம் இருந்தது, அவ்வளவுதான். வேலையில்லாதவன் ஒரு வேலைக்காகத் தன் அடிப்படை உரிமைகளையே விட்டுக்கொடுத்துவிடுவான் என்று அண்ணல் அம்பேத்கர் 1947-லேயே 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் வாதிட்டார். எங்கள் தெருவில் அது பாடப்புத்தகச் செய்தி இல்லை. தினசரி வாழ்க்கை.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் அந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நாட்டின் உற்பத்தி கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு சுருங்கியது. கோயம்பேட்டில் மூட்டை தூக்கின நம்ம ஜனங்கள் லாரி ஏறி இந்த மாவட்டத்துக்குத் திரும்பினார்கள். நோயைக் கொண்டுவந்தவன் என்று ஊரே விலகி நின்றது. கம்பெனி கைவிட்டது, நகரம் கைவிட்டது. அந்த நிதியாண்டில் இந்தியா முழுக்க 11 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் திட்டத்தில் வேலை செய்தார்கள்.

ஆனாலும் டீக்கடையில், பஸ்ஸில், பத்திரிகையில் ஒரே அழுகை: 'நூறு நாள் வேலையால சோம்பேறி ஆயிட்டாங்க, விவசாயத்துக்கு ஆள் கிடைக்கல.' இதைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க. ஆள் கிடைக்கிறது. 'நாளைக்கு வா' என்றால் வருகிற ஆள்தான் கிடைக்கல.

இது நம்ம ஊர் அழுகை மட்டும் இல்லை. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசு 1935-ல் பொதுவேலைத் திட்டம் தொடங்கியது. 1943 வரைக்கும் சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். தென் மாநிலங்களில் பருத்தி பறிக்கிற பருவம் வந்தால் அரசு வேலையை நிறுத்தி, கறுப்பு மக்களைத் தோட்ட முதலாளியிடம் துரத்திவிடுவார்கள். வேலை கொடுத்த கையே முதலாளிக்கு ஆளும் பிடித்துக்கொடுத்தது.

இப்போ 2025 டிசம்பரில் நம்ம நாடாளுமன்றம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கு. 125 நாள் என்கிறார்கள். செலவில் 40 பங்கு மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலை கிடையாது. எந்த 60 நாள்? கூலிக்காரி பேரம் பேச முடிகிற அதே நாள்கள். எங்க அம்மா கேட்ட கேள்விக்குத்தான் அந்த 60 நாளும் பூட்டு.

ஏரி வேலையே விடுதலை என்று நான் சொல்ல வரல. ஏரிக்கரையிலும் தண்ணிக் குடம் தனியாக இருந்ததை நான் பார்த்திருக்கேன். 2021-ல் மத்திய அரசே கூலிப் பணத்தை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று மூணாகப் பிரித்து அனுப்பியது. ஒரே வரிசையில் மண் சுமந்தவர்களுக்கு வேறு வேறு நாளில் பணம் ஏறியது. 'அவங்களுக்கு வந்துடுச்சு, எங்களுக்கு ஏன் வரல?' என்ற கேள்வி என் கவுண்டருக்கு முன்னால்தான் வெடித்தது. எதிர்ப்பு கிளம்பின பிறகு அந்த வருஷமே அதைக் கைவிட்டார்கள். நிலம் நம்ம கைக்கு வராதவரை மண்ணை வாரி மண்ணில் கொட்டுவதோடு நம்ம கதை முடிந்துபோகும். அது உண்மை. ஆனா நிலம் கேட்கிறவன் முதலில் பசிக்குப் பயப்படாமல் நிற்கணும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போங்க. வேலை கேட்டு மனு எழுதிக் கொடுங்க. ஊராட்சியில் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்க. வாயால கேட்டா அது கெஞ்சல், கேட்டதுக்கு சாட்சியும் இருக்காது. ரசீது கையில இருந்தா 15 நாளை எண்ண ஆரம்பிக்கலாம். சட்டத்தின் பெயர் மாறினாலும் இந்தப் பழக்கத்தை விடாதீங்க.

எங்க அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அது வாயால கேட்டுது. நீங்க எழுதிக் கேளுங்க.