பட்டப்படிப்பின் கடினம் எங்கே இருக்கிறது

கணிதம் கடினம், வரலாறு எளிது என்று ஊரில் வழங்கும் தரவரிசை, பாடத்தின் இயல்பையும் அதற்கு வகுக்கப்பட்ட தேர்வு விதிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் எழுவது.

கணிதத்தின் கடினம் முதலாவதாக அதன் அடுக்கமைப்பில் உள்ளது. பல்லவர் காலத்தைச் சரியாகப் படிக்காத வரலாற்று மாணவர் விஜயநகர காலத்தைப் புதிதாகத் தொடங்கிவிடலாம், ஆனால் எல்லை என்னும் கருத்தை முதலாண்டில் கோட்டைவிட்டவருக்கு, மெய்யெண் சார்புகளை நிரூபணத்தோடு ஆராயும் மெய்ப்பகுப்பாய்வு என்னும் பாடம் பின்னர் பிடிபடுவதே இல்லை. பள்ளியில் எல்லை என்பது பெரும்பாலும் எண்ணைப் பதிலிட்டு விடை காணும் கணக்கு. கல்லூரியிலோ அது 19ஆம் நூற்றாண்டில் வையர்ஸ்ட்ராஸ் செப்பனிட்ட வரையறையாக வருகிறது. எப்சிலான் என்னும் மிகை எண் எவ்வளவு சிறியதாகத் தரப்பட்டாலும், அதற்கேற்ற டெல்டா ஒன்றைக் காட்டி, மாறியானது குறித்த புள்ளியைத் தொடாமல் டெல்டா தொலைவுக்குள் இருக்கும்போதெல்லாம் சார்பின் மதிப்பு எல்லையிலிருந்து எப்சிலான் தொலைவுக்குள் அடங்குகிறது என்று நிறுவ வேண்டும். இதில் 'ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா' என்பதை 'எல்லா எப்சிலானுக்கும் ஒரே டெல்டா' என்று மாற்றிவிட்டால், அப்புள்ளியின் அருகே மாறாத மதிப்புடைய சார்புகளுக்கு மட்டுமே எல்லை உண்டு என்றாகிவிடும். நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர்களும் இடறுவது இங்கேதான். மருத்துவப் படிப்பின் கடினம் வேறு வகையானது: உடற்கூறியலில் தனித்தனியாக எதுவும் விளங்காததில்லை, அளவுதான் அழுத்துகிறது.

விதிகள் உண்டாக்கும் கடினத்துக்கு ராமானுஜனே சான்று. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர், பிற பாடங்களில் தவறியதால் அதை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், பி.ஏ.வுக்கு முந்திய ஈராண்டுப் படிப்பான எஃப்.ஏ.வில் தேறவில்லை, ஏனெனில் எல்லாப் பாடங்களிலும் தேறியாக வேண்டும் என்பது விதி. அதே மனிதருக்குக் கேம்பிரிட்ஜ் 1916இல் ஆய்வின் பேரில் பி.ஏ. பட்டம் வழங்கியது, 12ஐப் போல, தமக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றியது அந்த ஆய்வு.

வரலாறு எளிதென்ற பெயரும் பெரிதும் வினாத்தாள் தந்ததே (குறிப்பேட்டை ஒப்பிப்பவருக்கு மதிப்பெண் தரும் வினாத்தாள் எந்தப் பாடத்தையும் எளிதாக்கிவிடும்). கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தட்டி எடுக்கும் மைப்படி ஒன்றைத் தேர்வறையில் கொடுத்து, புள்ளியிடாத மெய்யெழுத்துகளையும் இடையிடையே வரும் கிரந்தத்தையும் படித்து, மன்னனின் ஆட்சியாண்டைப் பொது ஆண்டுக்கு மாற்றி, சிதைந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய சொல்லுக்குக் காரணமும் எழுதச் சொன்னால், அந்தத் தாளில் தேறுவோர் மெய்ப்பகுப்பாய்வில் தேறுவோரைவிட மிகுதியாக இருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.